கோட்டக்குப்பத்து நண்பகல்

கோட்டக்குப்பத்தில் நண்பகல் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு வருவது ஆண்டில் ஓரிரு நாட்கள்தான். பிப்ரவரி 11 வாக்கில் சூரியன் உச்சிக்கு வரும்போது கைக்கடிகாரம் 12.25 காட்டும். நவம்பர் 3 வாக்கில் 11.54-க்கே உச்சி தொட்டுவிடும். இரண்டுக்கும் இடையே அரை மணி நேர வித்தியாசம். இதைக் கண்டுபிடிக்க வானியல் படித்திருக்க வேண்டியதில்லை. எந்தப் பள்ளிவாசலிலும் சுவரில் ஒரு தொழுகை நேர அட்டவணை தொங்கும். அதில் லுஹர் என்ற நண்பகல் தொழுகையின் வரிசையை ஜனவரியிலிருந்து டிசம்பர் வரை விரலால் தடவிக்கொண்டே போனால் போதும். கூட்டாகத் தொழும் ஜமாஅத் நேரத்தை வேலைக்குப் போகிறவர்களின் வசதிக்காக நிலையாக வைத்திருப்பார்கள். நான் சொல்வது வக்து, அதாவது தொழுகைக்குரிய பொழுது, தொடங்கும் நேரம். சூரியன் உச்சியிலிருந்து சாயத் தொடங்கிய பிறகே லுஹர் என்பதால், அந்த வரிசை ஓராண்டு முழுவதும் சூரியன் நடந்த நடையின் பதிவேடு.

இந்த அட்டவணையைப் பார்த்தபடிதான் விலையுயர்ந்த யந்திரக் கைக்கடிகாரங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. தங்கம், முதலைத்தோல் ஸ்ட்ராப், ஜெனிவா முத்திரை ஆகியவற்றைக் கழித்துவிட்டுப் பார்த்தால், அந்தக் கடிகாரங்களுக்குள் இருப்பது வானம் போட்ட கணக்குகளுக்கு உலோகத்தில் எழுதிய விடைகள். எந்த விடை உண்மையான கணக்குக்கு எழுதப்பட்டது, எது வெறும் அலங்காரம் என்பதைப் பிரித்தறிய, விழுப்புரம் மாவட்டத்தின் வானூர் வட்டத்தில், புதுச்சேரி எல்லையை ஒட்டி, வெயிலும் உப்புக்காற்றும் சேர்ந்த இந்தக் கடற்கரை ஊர் வசதியான இடம்.

முதலில் நண்பகலுக்கு வருவோம். அது இடம் மாறுவதற்கு இரண்டு காரணங்கள். முதலாவது எளிது. இந்திய நேரம் என்பது 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையின் நேரம். அது மிர்சாபூர் வழியாகப் போகிறது. 1906 ஜனவரி 1 முதல் அதுதான் நாட்டின் பொது நேரம். கோட்டக்குப்பம் அந்தக் கோட்டுக்கு மேற்கே, ஏறத்தாழ 79.84 பாகையில் இருக்கிறது. பூமி ஒரு பாகை சுழல 4 நிமிடம். எனவே சூரியன் மிர்சாபூரைக் கடந்து நம் ஊருக்கு வரச் சுமார் 10 நிமிடம் 40 நொடி ஆகும். இது ஆண்டு முழுவதும் மாறாத தாமதம்.

இரண்டாவது காரணம் சுவையானது. பூமி சூரியனை வட்டமாகச் சுற்றுவதில்லை, சற்றே நீள்வட்டமாகச் சுற்றுகிறது. ஜனவரி தொடக்கத்தில் சூரியனுக்கு மிக அருகில் வருகிறது. அப்போது வேகமும் அதிகம். வேகமாக நகர்ந்துவிட்ட பூமி, அதே சூரியனை மறுபடி நேர் எதிரே கொண்டுவரக் கொஞ்சம் கூடுதலாகச் சுழல வேண்டியிருக்கிறது. நாள் சில நொடிகள் நீள்கிறது. ஜூலையில் நிலைமை தலைகீழ். இந்த ஏற்ற இறக்கம் ஆண்டுக்கு ஒரு முறை எழுந்து விழும் அலை. அதன் உயரம் 7 நிமிடத்துக்கும் சற்று மேல். இதோடு பூமியின் அச்சு 23.4 பாகை சாய்ந்திருப்பதால் வரும் இன்னோர் அலை சேர்ந்துகொள்கிறது. அது ஆண்டுக்கு இரு முறை எழுந்து விழும். அதன் உயரம் 10 நிமிடத்தை நெருங்கும். இரண்டு அலையையும் கூட்டினால் சீரற்ற ஒரு வளைகோடு கிடைக்கிறது. பிப்ரவரியில் சூரியன் 14 நிமிடம் பிந்துகிறது, நவம்பரில் 16 நிமிடத்துக்கும் மேல் முந்துகிறது. ஆண்டில் நான்கு நாட்களில் மட்டும் பிசகு பூஜ்யம். அவற்றில் ஒன்று சித்திரை முதல் நாளை ஒட்டி வருகிறது. அன்று நம் ஊரில் உச்சி 12.11.

இந்த வளைகோட்டைத்தான் கடிகாரக்காரர்கள் உலோகத் தகட்டில் வெட்டினார்கள். ஆண்டுக்கு ஒரு முறை மட்டும் சுற்றுகிற ஒரு தகடு. அதன் விளிம்பு வட்டமாக இல்லாமல், பண்ருட்டிப் பக்கத்து முந்திரிப் பருப்பு போல ஒரு பக்கம் குழிந்திருக்கும். விளிம்பின் மேல் சின்ன விரல் ஒன்று ஊர்ந்துகொண்டே போகும். மேடு வந்தால் விரல் உயரும், பள்ளம் வந்தால் தாழும். விரலின் அசைவு பற்சக்கரங்கள் வழியாகப் போய், இரண்டாவது நிமிட முள் ஒன்றை முன்னும் பின்னும் தள்ளும். வழக்கமான நிமிட முள் நம் நேரத்தைக் காட்ட, பக்கத்தில் இன்னொரு முள், நுனியில் சின்னச் சூரியனோடு, சூரிய நேரத்தைக் காட்டியபடி நகரும். 2004-இல் பிளாங்பான் நிறுவனம் இதைக் கைக்கடிகாரத்துக்குள் கொண்டுவந்தது. 2017-இல் ப்ரெகே நிறுவனத்தின் மரீன் வரிசையில் வந்த 5887-இல் இந்தத் தகடு ஒளி ஊடுருவும் நீலக்கல் வட்டின் மேல் பொருத்தப்பட்டது. அடியில் ஓடும் டூர்பியோன் என்ற சுழல் கூண்டு அதன் வழியே தெரியும். விலை கோடி ரூபாயைத் தாண்டும்.

இதைப் பார்த்து ஆர்வலர்கள் வாய் பிளப்பதில் தவறே இல்லை. கெப்ளரின் நீள்வட்டமும் பூமியின் சாய்வும் ஒரு நகத்தளவுத் தகட்டின் விளிம்பில் உறைந்திருக்கின்றன. ஆனால் ஒரு விஷயத்தை விற்பனையாளர் சொல்லமாட்டார். அந்தத் தகட்டுக்கு இரண்டாவது காரணம் மட்டுமே தெரியும், முதல் காரணம் தெரியாது. கோட்டக்குப்பத்தில் ஒருவர் அதை அணிந்து இந்திய நேரத்துக்கு வைத்தால், சூரிய முள் எப்போதும் 10 நிமிடம் 40 நொடி முந்தியே காட்டும். ஜெனிவாக்காரருக்கு இன்னும் மோசம். அந்த ஊர் தன் நேர மண்டலத்தின் நடுக்கோட்டுக்கு வெகு மேற்கே கிடப்பதால், அங்கே 35 நிமிடம் தவறும். பள்ளிவாசல் அட்டவணை இரண்டு காரணத்தையும் சேர்த்தே கணக்கிட்டது, காசும் கேட்பதில்லை.

சூரியோதயமும் அஸ்தமனமும் காட்டும் கடிகாரங்களில் இந்தச் சிக்கல் இன்னும் கூடும், ஏனெனில் அங்கே அட்சரேகையும் கணக்கில் வரும். கோட்டக்குப்பத்தில் மஃரிபு எனும் அஸ்தமனத் தொழுகை நேரம் ஆண்டு முழுவதும் சுமார் ஒரு மணி நேரத்துக்குள்ளேதான் அசைகிறது. ஜெனிவாவில், கோடைக்கால நேர மாற்றத்தையும் சேர்த்தால், நாலரை மணி நேரத்துக்கு மேல் அசைகிறது. ஆகவே ஜெனிவாவுக்கு வெட்டிய தகடு இங்கே உதவாது. ஒவ்வோர் ஊருக்கும் தனித் தகடு வெட்ட வேண்டும். பல காலம் அப்படித்தான் செய்துவந்தார்கள். நூஷாட்டெல் நகரின் க்ராயோன் என்ற சிறு நிறுவனம் 2017-இல் வெளியிட்ட கடிகாரத்தில் அட்சரேகை, தீர்க்கரேகை, நாள், நேர மண்டலம் ஆகியவற்றை அணிபவரே வைத்துக்கொள்ளலாம். சுமார் 600 பாகங்கள் அந்த இடத்தின் உதயாஸ்தமனத்தைக் கணக்கிட்டுத் தரும். இதைக் கடிகாரம் என்பதைவிடக் கையில் கட்டிய கணிப்பொறி என்பதே பொருத்தம். மின்சாரம் இல்லாத கணிப்பொறி.

*

இவ்வளவு வானக் கணக்கும் ஓர் அடித்தளத்தின் மேல் நிற்கிறது. அந்தச் சின்ன இயந்திரம் ஒரே சீராகத் துடிக்க வேண்டும். இல்லாவிட்டால் மேலே எதைக் கட்டினாலும் வீண். சீரான துடிப்பு எவ்வளவு கடினம் என்பதற்கான கதை இங்கிருந்து சில கிலோமீட்டரில், புதுச்சேரியில் முடிந்தது.

கியோம் லெ ஜான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், சூரியனின் முகத்தைச் சுக்கிரன் கடக்கும் அபூர்வக் காட்சியைப் பார்க்க 1760-இல் புதுச்சேரிக்குக் கப்பலேறினார். 1761 ஜூன் 6 அன்று அந்தக் கடப்பு. அவர் வருவதற்குள் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது. நடுக்கடலில் அவர் காட்சியைக் கண்ணால் பார்த்தார், ஆனால் பயனில்லை. அந்தக் காலத்தில் துல்லியமான கடிகாரம் என்றால் ஊசல் கடிகாரம். ஆடுகிற கப்பலில் ஊசல் எப்படி ஆடும்? நேரம் குறிக்க முடியாத வானியல் பதிவு செல்லாக்காசு. மனிதர் ஊர் திரும்பவில்லை, அடுத்த கடப்புக்காக எட்டு ஆண்டு காத்திருந்தார். 1768-இல் மறுபடி பிரெஞ்சுக்காரர் வசமாகியிருந்த புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டைக்குள் ஓர் ஆய்வகம் கட்டினார். 1769 ஜூன் 4 விடியற்காலை. முந்தைய நாட்களில் தெளிவாக இருந்த வானம் அன்று மட்டும் மேகம் போட்டுக்கொண்டது. கடப்பு முடிந்த பிறகு வெயில் அடித்தது. 1771-இல் பிரான்ஸ் திரும்பியவர், தாம் இறந்துவிட்டதாக ஊர் முடிவு செய்து சொத்தைப் பிரிக்கத் தொடங்கியிருப்பதைப் பார்த்தார்.

புதுச்சேரியில் காத்திருந்த நாட்களை அவர் வீணாக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். சோழிகளை அடுக்கி, மனப்பாடமான வாய்பாடுகளைக் கொண்டு கிரகணம் கணிக்கும் தமிழர்களிடம் அந்த முறையைக் கற்றார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தின் கால அளவில் தமிழ்க் கணக்கு 41 நொடி பிசகியது. அன்றைய ஐரோப்பாவின் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான டோபியாஸ் மேயரின் கணக்கு 68 நொடி பிசகியது.

லெ ஜான்தி கடலில் கையைப் பிசைந்துகொண்டிருந்த அதே 1761-இன் நவம்பரில், ஜான் ஹாரிசன் செய்த எச்4 என்ற பெரிய பாக்கெட் கடிகாரம் இங்கிலாந்திலிருந்து ஜமைக்காவுக்குக் கப்பலேறியது. 81 நாள் கடல் ஆட்டத்தில் அது இழந்தது 5 நொடி. அதற்குள் ஊசல் இல்லை. மையத்தில் சுழன்று திரும்பும் ஒரு சக்கரம், அதைப் பிடித்திழுக்கும் ஒரு மெல்லிய சுருள்வில். இன்றைய யந்திரக் கைக்கடிகாரம் எல்லாமே, எச்.எம்.டி. ஜனதாவிலிருந்து ரோலெக்ஸ் வரை, அந்த ஜோடியின் வாரிசுதான்.

அந்த ஜோடியை நன்றாகப் புரிந்துகொள்வோம், மற்றதெல்லாம் அதற்குப் பணிவிடை. ஊசலைத் திரும்ப இழுப்பது பூமியின் ஈர்ப்பு. அதனால்தான் சாய்ந்தால் கெட்டுப்போகிறது. சமநிலைச் சக்கரத்தை, அதாவது பேலன்ஸ் வீலை, இழுப்பது ஹேர் ஸ்பிரிங். அது எவ்வளவு முறுக்கப்படுகிறதோ அவ்வளவு பலமாகத் திரும்ப இழுக்கும். இந்த விகிதம் மாறாதவரை, சக்கரம் நிறையச் சுழன்றாலும் குறைவாகச் சுழன்றாலும் ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் ஒன்றே. அந்த நேரத்தை முடிவு செய்வன இரண்டே இரண்டு: சக்கரத்தின் எடை விளிம்பில் எவ்வளவு தள்ளி இருக்கிறது, சுருளுக்கு எவ்வளவு விறைப்பு. இதில் ஈர்ப்புக்கு வேலையே இல்லை. கப்பலில் போனாலும் மாட்டு வண்டியில் போனாலும் துடிக்கும். 1675-இல் கிறிஸ்டியான் ஹைகன்ஸ் இந்தச் சுருளை அறிவித்தபோது, எனக்குத்தான் முதலில் தோன்றியது என்று ராபர்ட் ஹூக் சண்டைக்கு வந்தார். சண்டை போடத் தகுந்த பொருள்தான்.

இந்தத் துடிப்பை எண்ணி, ஒவ்வொரு துடிப்புக்கும் மெயின் ஸ்பிரிங்கிலிருந்து துளி விசை கொடுத்து, நின்றுபோகாமல் காப்பது விடுவிப்பு அமைப்பு. நாம் காதில் கேட்கும் டிக் டிக் அதன் சத்தம். சுமார் 1755-இல் தாமஸ் மட்ஜ் செய்த நெம்புகோல் விடுவிப்பு இன்னும் பெரும்பாலான கடிகாரங்களில் ஓடுகிறது. ஜனதா மணிக்கு 18,000 முறை துடிக்கும். இன்றைய நல்ல ஆட்டோமேட்டிக் 28,800, அதாவது நொடிக்கு எட்டு. ஒரு நாளில் கிட்டத்தட்ட ஏழு லட்சம் துடிப்புகள். சுவிட்சர்லாந்தின் கோஸ்க் துல்லியச் சான்று பெற வேண்டுமானால் நாளுக்கு 4 நொடிக்கு மேல் பிந்தக்கூடாது, 6 நொடிக்கு மேல் முந்தக்கூடாது. ஒரு நாளின் 86,400 நொடியில் 6 நொடி. செல் போட்ட சாதாரணக் குவார்ட்ஸ் வாட்ச் இதைவிடப் பல மடங்கு துல்லியம் என்பது உண்மை. ஆனால் எண்ணெய் தடவிய பித்தளைச் சக்கரங்களிடமிருந்து இதைப் பெறுவது வேறு வகைச் சாதனை.

*

கோட்டக்குப்பத்து வெயில் இந்தச் சுருளுக்குத்தான் முதல் எதிரி. சாதாரண எஃகுச் சுருள் சூடேறினால் விறைப்பு குறைகிறது. சூடு ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் நாளுக்கு ஏறத்தாழ 11 நொடி பிந்தும். 22 பாகையில் ஏசி ஓடும் கடையிலிருந்து 37 பாகைத் தெருவுக்கு இறங்கிய கடிகாரம், அந்த வெப்பத்திலேயே இருந்தால், நாளுக்கு 165 நொடி தவறவிடும். சூரியன் அரை மணி நேரம் ஊசலாடும் கணக்கையெல்லாம் தகட்டில் வெட்டிவிட்டு, அடிப்படையில் இரண்டே முக்கால் நிமிடம் ஓட்டை.

இந்த ஓட்டையை அடைத்தவர் ஷார்ல் எதுவார் கியோம். 1861-இல் சுவிட்சர்லாந்தின் ஃப்ளூரியே கிராமத்தில், கடிகாரத் தொழில் செய்த குடும்பத்தில் பிறந்தவர். பாரிஸை அடுத்த சேவ்ரில், சர்வதேச எடை அளவைகள் அலுவலகத்தில் வேலை பார்த்தார். 1896-இல் இரும்போடு 36 சதவீதம் நிக்கல் கலந்தால் சூட்டில் ஏறத்தாழ விரியவே செய்யாத உலோகம் கிடைப்பதைக் கண்டார். அதன் பெயர் இன்வார். பிறகு, சூட்டில் விறைப்பு மாறாத எலின்வாரையும் உருவாக்கினார். ஹேர் ஸ்பிரிங்குக்குத் தேவையானது இதுதான். 1920-இல் இயற்பியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டுக்கான அதே பரிசு ஐன்ஸ்டைனுக்கு. இன்றைய நிவாராக்ஸ் கலவைச் சுருள்கள் அந்த வழியில் வந்தவை. கோஸ்க் சோதனையில் கடிகாரத்தை 8, 23, 38 பாகை செல்சியஸில் வைத்துப் பார்க்கிறார்கள். அந்த 38 நம் அக்னி நட்சத்திரம். சுவிட்சர்லாந்துக்காரர்கள் உச்சகட்டச் சோதனையாக நினைப்பது இங்கே மே மாதத்துப் பகல்.

இந்த நூற்றாண்டின் புதுமை உலோகத்தை விட்டு சிலிக்கானுக்குப் போனது. 2001-இல் உலிஸ் நார்டன் நிறுவனத்தின் ஃப்ரீக் கடிகாரத்தில் சிலிக்கான் விடுவிப்புச் சக்கரங்கள் வந்தன. சில ஆண்டுகளில் ஹேர் ஸ்பிரிங்கும் சிலிக்கானில் வந்தது. கணினிச் சில்லு தயாரிக்கும் அதே முறையில் அச்சடித்துச் செதுக்கி எடுக்கிறார்கள். சிலிக்கான் சூட்டில் விறைப்பு இழக்கும். மேலே வளர்க்கும் ஆக்ஸைடு படலத்துக்குச் சூட்டில் விறைப்பு கூடும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்கின்றன. இதைவிட நமக்கு முக்கியம், சிலிக்கானைக் காந்தம் ஒன்றும் செய்யாது. இப்போது காந்தம் எங்கும் இருக்கிறது: மொபைல் உறை, ஹேண்ட்பேக் மூடி, ஸ்பீக்கர். சுருளின் சுற்றுகள் காந்தமேறி ஒட்டிக்கொண்டால் கடிகாரம் வெறிபிடித்து ஓடும். காந்தம் தாங்கும் கடிகாரம் என்று பெயர் வைக்கச் சர்வதேசத் தரம் கேட்பது 60 காஸ். 2015 முதல் ஒமேகாவின் பல கடிகாரங்கள் சுவிஸ் அரசின் அளவியல் நிறுவனத்தின் மேற்பார்வையில் 15,000 காஸில் சோதிக்கப்படுகின்றன. 2025 ஏப்ரலில் ரோலெக்ஸ் வெளியிட்ட லேண்ட்-டுவெல்லரில், மட்ஜின் உராய்ந்து நழுவும் நெம்புகோலுக்குப் பதிலாக, பெரும்பாலும் உருண்டு தள்ளும் சிலிக்கான் பாகங்களால் ஆன புதிய விடுவிப்பு இருக்கிறது. துடிப்பு மணிக்கு 36,000. கால் நூற்றாண்டில் வெளிவந்த விலையுயர்ந்த கடிகாரங்களில், உண்மையான கணக்குக்கு எழுதிய விடை என்று நான் மதிப்பது இந்தச் சிலிக்கான் வேலையைத்தான். வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

பார்த்தால் நன்றாகத் தெரிவது டூர்பியோன். டயலில் ஒரு சாளரம். அதற்குள் சமநிலைச் சக்கரம், சுருள், விடுவிப்பு எல்லாம் ஒரு கூண்டோடு நிமிடத்துக்கு ஒரு முறை சுழலும். 1801 ஜூன் 26 அன்று பாரிஸில் அப்ரஹாம் லூயி ப்ரெகே இதற்குக் காப்புரிமை பெற்றார். ஈர்ப்புக்கு வேலை இல்லை என்று மேலே சொன்னேன். அது சுருளும் சக்கரமும் முழுச் சமநிலையில் இருந்தால்தான். நடைமுறையில் முழுச் சமநிலை கிடைக்காது. சட்டைப்பையில் நாள் முழுக்க நின்றநிலையில் இருக்கும் பாக்கெட் கடிகாரத்தில் அந்தச் சிறு பிசகு ஒரே பக்கமாகக் குவியும். கூண்டைச் சுழற்றினால் பிசகு எல்லாத் திசையிலும் பரவி ஈடாகிவிடும். அருமையான யோசனை, பாக்கெட் கடிகாரத்துக்கு. கைக்கடிகாரமோ கையோடு எல்லாத் திசையிலும் புரண்டுகொண்டே இருக்கிறது. அதற்கு டூர்பியோன் தேவையில்லை என்பதே என் தீர்ப்பு. கைத்திறனைக் காட்டும் மேடை என்று ஒப்புக்கொண்டால் ஆட்சேபம் இல்லை.

அந்த மேடையில் தமிழ்நாடும் ஏறிவிட்டது. 2025 ஜனவரியில் டைட்டன் தன் நெபுலா வரிசையில் ஜல்சா என்ற கடிகாரத்தை, 40-ஆம் ஆண்டையொட்டி வெளியிட்டது. ஹவா மஹாலை நினைவூட்டும் நுண்ணோவியத்தை டயலில் தீட்டியவர் ஜெய்ப்பூர் ஓவியர் ஷாகிர் அலி. உள்ளே ஓடும் டூர்பியோன் டைட்டனின் சொந்தத் தயாரிப்பு. செய்தது பத்தே பத்து, விலை சுமார் 40 லட்சம். இந்த நிறுவனம் 1984-இல் டாடாவும் தமிழ்நாடு அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கியது. 27.88 சதவீதப் பங்கு இன்னும் டிட்கோவிடம்தான். ஓசூர் ஆலைக்குத் தொடக்கத்தில் தொழில்நுட்பம் தந்தது பிரான்ஸ் எபோஷ் என்ற பிரெஞ்சு நிறுவனம். பள்ளிப்படிப்பு முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்து பழக்கினார்கள். டைட்டனின் பெருமையை ஜல்சாவில் தேடுவதைவிட, 2002-இல் வந்த எட்ஜில் தேடுவது நியாயம் என்பேன். அது குவார்ட்ஸ்தான், யந்திரம் இல்லை. ஆனால் 3.5 மில்லிமீட்டர் தடிமனுக்குள் முழுக் கடிகாரம், உள்ளே இருக்கும் இயக்கம் 1.15 மில்லிமீட்டர். ஓசூரில் எட்டிய அந்த நுணுக்கம் ஆயிரக்கணக்கானவர் மணிக்கட்டுக்கு வந்தது.

யந்திரக் கடிகாரத்தை இந்திய வீடுகளுக்குக் கொண்டுவந்தது அதற்கு முந்தைய தலைமுறை. எச்.எம்.டி. 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் துணையோடு பெங்களூரில் ஆலை தொடங்கியது. பதினேழு கல் வைத்த ஜனதாவுக்குக் காலையில் சாவி கொடுத்தால் மறுநாள் வரை ஓடும். 2016 ஜனவரியில் அந்தக் கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு முடிவெடுத்தது. இப்போது ஆர்வலர்கள் ஜனதாவைத் தேடித் திரிகிறார்கள்.

*

வெளிநாட்டு ஆடம்பரக் கடிகாரம் கோட்டக்குப்பத்தில் தடுமாறும் இன்னோர் இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சிலும் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் உறவினர் உள்ள வீடுகள் இங்கே நிறைய. அவர்களுக்கென்றே செய்ததுபோல இரண்டு ஊர் நேரம் காட்டும் ஜி.எம்.டி. கடிகாரங்கள் கிடைக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவற்றில் மணி முள் முழு மணியாக மட்டுமே தாவும். துபாய்க்கும் நமக்கும் ஒன்றரை மணி, சிங்கப்பூருக்கு இரண்டரை, பாரிஸுக்குக் குளிர்காலத்தில் நாலரை, கோடையில் மூன்றரை. எங்கே போனாலும் அரை மணி ஒட்டிக்கொள்கிறது. 1931-இல் லூயி கோட்டியே உருவாக்கிய உலக நேரக் கடிகாரத்திலும் 24 ஊர், 24 முழு மணி. இந்தியா அதற்குள் பொருந்தவில்லை. 2011-இல் வாஷ்ரோன் கான்ஸ்டன்டின்தான் அரை மணி, முக்கால் மணி மண்டலங்களையும் சேர்த்து 37 மண்டலம் காட்டும் கடிகாரம் செய்தது. அவ்வளவு செலவழிக்க முடியாதவர்களுக்கு இலவச வழி ஒன்று: முள் வைத்த எந்தக் கடிகாரத்தையும் தலைகீழாகப் பிடித்தால் கிரீன்விச் நேரம் தெரியும். இங்கே 12 மணி என்றால் தலைகீழ்ப் படத்தில் 6.30.

கடைசியாக நிலா. ஃப்ளூரியேயிலிருந்து, அதே நோபல் கியோமின் கிராமத்திலிருந்து, பார்மிஜியானி நிறுவனம் ஹிஜ்ரி நாட்காட்டி காட்டும் கைக்கடிகாரத்தைச் செய்து, 2020-இல் ஜெனிவாவின் கடிகாரப் பரிசுகளில் புதுமைக்கான பரிசை வென்றது. நிலா மாதம் சராசரி 29.53 நாள். பன்னிரண்டு மாதம் 354 நாளும் சொச்சமும். அந்தச் சொச்சத்தை ஈடுகட்ட 30 ஆண்டுச் சுழற்சியில் 11 ஆண்டுகளில் தலா ஒரு நாள் கூடுதல். மொத்தம் 10,631 நாள். இந்த எண்ணைப் பற்சக்கரத்தில் வைத்துவிட்டால் நிலாவின் சராசரியிலிருந்து ஒரு நாள் விலகச் சுமார் 2,500 ஆண்டு பிடிக்கும். அரபு வானியலாளர்கள் முன்பே போட்டுவைத்த கணக்கு அது. சக்கரம் செய்தவரைப் போலவே கணக்குப் போட்டவரையும் வியக்க வேண்டும்.

ஆனாலும் ரமலான் பிறை தெரிந்ததா என்பதற்கு அந்தக் கடிகாரம் விடை சொல்லாது. மாலையில் மேற்கு அடிவானத்தில் பிறையை ஒருவர் கண்ணால் பார்க்க வேண்டும். மேகம் இருக்கலாம், பிறை சூரியனுக்கு மிக நெருக்கமாக இருக்கலாம். தமிழ்நாட்டின் தலைமை காஜி அறிவித்த பிறகே மாதம் பிறக்கிறது. வளைகுடாவில் இருக்கும் மகன் ஒரு நாள் முன்பே பெருநாள் கொண்டாடிவிடுவதும் அதனால்தான். சராசரியைச் சக்கரத்தில் அடைக்கலாம், குறிப்பிட்ட ஒரு மாலையின் வானத்தை அடைக்க முடியாது. லெ ஜான்தியைக் கேட்டால் ஒப்புக்கொள்வார்.

யந்திரக் கடிகாரம் வாங்கும் எண்ணம் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். எத்தனை கல், எத்தனை கேரட் என்று கேட்பதற்கு முன் ஹேர் ஸ்பிரிங் எதனால் ஆனது என்று கேளுங்கள். எத்தனை காஸ் தாங்கும் என்று கேளுங்கள். எண்ணெய் வற்றி, ஐந்தாறு ஆண்டில் திறந்து துடைக்க வேண்டி வரும்போது, அதைச் செய்யத் தெரிந்த கை புதுச்சேரியிலோ சென்னையிலோ இருக்கிறதா, இல்லை சுவிட்சர்லாந்துக்கே அனுப்ப வேண்டுமா என்று கட்டாயம் கேளுங்கள். இந்த மூன்றுக்கும் விடை தெரியாத கடையில் வாங்காதீர்கள்.